பக்கத்து நாற்காலி

வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று எச்.ஆரிடமிருந்து மெயில் வந்த அன்று, எங்கள் டீமின் வாட்ஸப் குழுவில் ஒரே கூச்சல். ஒருவர் சோழிங்கநல்லூரில் இப்போது ஒரு பெட்ரூம் வீட்டுக்கு என்ன வாடகை என்று கணக்குப் போட்டு அனுப்பினார். இன்னொருவர் ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருக்கும் சாலையைப் படம் எடுத்துப் போட்டார். நானும் என் பங்குக்கு ஒரு வடிவேலு மீம் போட்டேன். நாற்பது, ஐம்பது சிரிப்பு எமோஜிகள் விழுந்தன. ராத்திரி படுக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. டீமில் கடைசியாகச் சேர்ந்த இரண்டு பேர், காலேஜ் முடித்து நேராக வந்தவர்கள், அன்று முழுக்க ஒரு வார்த்தை எழுதவில்லை.

பயமாக இருக்கலாம், கூச்சமாக இருக்கலாம். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். அவர்களுக்கு வர வேண்டும் போலிருக்கிறதோ? நாங்கள் எல்லாம் சேர்ந்து கத்துகிற இடத்தில் அதைச் சொல்ல முடியாமல் இருக்கிறார்களோ?

நான் சொல்ல வருவது என் நண்பர்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஒரே டீமில் இருப்பவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். சாஃப்ட்வேர் எழுத அதைவிட நல்ல வழியை என் பதிமூன்று வருட அனுபவத்தில் நான் பார்க்கவில்லை. கம்பெனிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு உடனே தலையாட்ட வேண்டாம். அவர்கள் நம்மைக் கூப்பிடுவது அந்த அறைக்கு அல்ல. அதற்கும் வருகிறேன்.

என் முதல் வேலை பெருங்குடியில். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி, கீழே பேக்கரி. ஒரு அறை, ஒன்பது பேர், ஒரு வெள்ளைப் பலகை, சரியாக வேலை செய்யாத ஒரு ஏ.சி. மூன்று மணிக்கு பப்ஸ் வாசனை மேலே வரும், அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் யாரும் கோட் எழுத மாட்டார்கள். நான் சேர்ந்து மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ராத்திரி ஓட வேண்டிய ஒரு ஜாப் தப்பான நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். “என்னடா இது, என் மெஷின்ல கரெக்டாதானே ஓடுது” என்று வாய்க்குள் முனகியது கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த சீனியர் அக்கா திரும்பக்கூட இல்லை. “சர்வர் யு.டி.சி.ல இருக்கும், பாரு” என்றார். அவ்வளவுதான். அஞ்சரை மணி நேர வித்தியாசம். அவர் டைப் அடிப்பதை நிறுத்தியதாகக்கூட நினைவில்லை.

நான் அவரிடம் கேள்வி கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்கத் தெரிந்திருந்தால்தானே கேட்பேன்? பிரச்சினை நேர மண்டலத்தில் இருக்கிறது என்று தெரியாத ஒருவனால் நேர மண்டலத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. “டவுட் இருந்தா பிங் பண்ணு” என்று இப்போது நாங்கள் புதியவர்களிடம் தாராளமாகச் சொல்கிறோமே, அதில் இருக்கும் ஓட்டை இதுதான். பிங் பண்ணுவதற்கு முதலில் டவுட் ஒரு வாக்கியமாகத் திரள வேண்டும். முனகலுக்கு அது தேவையில்லை.

அலிஸ்டர் காக்பர்ன் என்ற மென்பொருள் அறிஞர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஆஸ்மோசிஸ் என்று பள்ளியில் படித்தோமே, சவ்வூடு பரவல், அதுபோல அறையில் தகவல் தானாகக் கசிந்து பரவுகிறது என்பது அவர் கருத்து. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. காதில் விழுகிறது. அந்தப் பெருங்குடி அறையில் என் காதில் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் எனக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. அதே அக்கா ஒரு நாள் கிளையண்ட்டிடம் போனில் “தெரியல, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாது என்று சொல்லலாமா? சொன்னால் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்களா? நான்கு வருட எஞ்சினியரிங் படிப்பில், வைவாவில், கேம்பஸ் இன்டர்வியூவில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவதைத்தான். அது தேவையில்லை என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒரு போன் காலை ஒட்டுக்கேட்டேன்.

இன்னொன்றும் அந்த அறையில் பார்த்தேன். எங்களில் மிகப் பெரிய கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொன்ன ஆர்க்கிடெக்ட், ஒரு முழு மதியம் ஒரு பக்கைக் கண்டுபிடிக்க முடியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை எழுந்துபோய் டீ குடித்தார். கூகுளில் நான் தேடுவது மாதிரியேதான் அவரும் தேடினார். இதைப் பார்த்ததால் எனக்குக் கிடைத்த தைரியத்துக்கு விலை கிடையாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு ஃப்ரெஷர் பார்ப்பது என்ன? நாங்கள் முடித்து அனுப்பும் புல் ரிக்வெஸ்ட். சுத்தமாகக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து அனுப்பிய கோட். அதற்கு முன் நாங்கள் அழித்து எழுதிய ஆறு தப்பான வடிவங்கள் அவன் கண்ணில் படுவதே இல்லை. அதனால் இந்த டீமில் முட்டாள் தான் ஒருவன் மட்டும்தான் என்று அவன் நம்பத் தொடங்குகிறான்.

‘அவன்’ என்று சும்மா ஒரு பேச்சுக்கு எழுதவில்லை.

2021-இல், வேறொரு கம்பெனியில், எனக்குக் கீழே ஒரு பையனைப் போட்டார்கள். போளூர் பக்கம். லேப்டாப் கூரியரில் போனது. எட்டு மாதம் ஒன்றாக வேலை பார்த்தோம். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ‘சார்’ வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், “ஓகே சார்” என்றான். சேர்ந்த முதல் மாதம், ப்ராஜெக்ட்டை அவன் மெஷினில் ஓட வைக்க வேண்டும். எங்களிடம் அதற்கு ஒரு வேர்ட் டாக்குமெண்ட் இருந்தது. அதில் இருந்த கமாண்டை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் ஓடாது. ஏனென்றால் கமாண்டில் இருக்கும் சின்னக் கோட்டை வேர்ட் தானாகவே கொஞ்சம் நீளமான கோடாக மாற்றி வைத்திருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது வேறு எழுத்து. எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் எப்போதோ ஒருமுறை மாட்டி, யாரோ தோளுக்குப் பின்னால் நின்று “அந்த டேஷை அழிச்சிட்டு நீயே அடி” என்று சொல்லி மீண்டவர்கள். டாக்குமெண்ட்டை மட்டும் யாரும் திருத்தவில்லை.

அவன் அதில் இரண்டரை நாள் உட்கார்ந்திருந்தான்.

நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். சாட் பெட்டியில் அவன் பெயருக்குக் கீழே ‘டைப் செய்கிறார்’ என்று வந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தது. நின்றது. அன்று மட்டும் மூன்று முறை பார்த்தேன். எனக்கு அடுத்தடுத்து கால். ஏதாவது இருந்தால் அவனே அனுப்புவான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஸ்டாண்டப்பில் “இன்னும் செட்டப் பண்ணிட்டிருக்கேன் சார்” என்றபோதுதான் திரையைப் பகிரச் சொன்னேன். ஒரே நிமிடத்தில் முடிந்தது. “தேங்க்யூ சார், ஸாரி சார்” என்றான். அந்த ஸாரி இருக்கிறதே. எட்டாவது மாதம் ரிசைன் செய்தான். கடைசிக் காலில் காரணம் கேட்டேன். “எனக்குக் கோடிங் செட் ஆகாதுன்னு நினைக்கிறேன் சார்.” அவன் எழுதிய கோட் நன்றாகவே இருந்தது. அதை எத்தனை முறை சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ரிவியூவில் கட்டைவிரல் எமோஜி போட்டிருக்கிறேன்.

ஒரே அறையாக இருந்தால் அவன் நின்றிருப்பான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இரண்டரை நாள் ஒருவன் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தாண்டி டீ குடிக்கப் போகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அதை மட்டும் சொல்ல முடியும்.

இதெல்லாம் உன் சொந்தக் கதை, குற்றவுணர்வில் பேசுகிறாய் என்பீர்கள். சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் 1977-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆய்வுக்கூடங்களில் இருக்கும் எஞ்சினியர்கள் யார் யாரோடு எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்று வருடக்கணக்கில் அளந்தவர். மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு சரசரவென்று குறைகிறது. ஏறக்குறைய 50 மீட்டரைத் தாண்டினால் வேலை சம்பந்தமான பேச்சு அநேகமாக இல்லாமலே போகிறது என்று கண்டார். 50 மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை. நம் ஐ.டி. பார்க்கில் லிஃப்ட்டிலிருந்து கேன்டீனுக்கு அதைவிட அதிகம் நடக்கிறோம். வேறு மாடியில் இருப்பவரும் வேறு ஊரில் இருப்பவரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி டீஸ்லி, ஜூடித் ஓல்சன் முதலானோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பெரிய கார் கம்பெனியில் மென்பொருள் குழுக்கள் ஆறைத் தலா ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். சுவரெல்லாம் பலகை. அந்தக் கம்பெனியின் வழக்கமான அளவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை நடந்தது. எனக்கு அந்த எண்ணைவிடச் சுவாரஸ்யமானது வேறொன்று. ஆரம்பத்தில் அந்த எஞ்சினியர்கள் இதை விரும்பவில்லை. சத்தம் இருக்கும், தனிமை போய்விடும் என்று பயந்தார்கள். முடியும்போது அவர்களுக்கே பிடித்துப்போயிருந்தது. இன்னொரு சின்ன விவரமும் உண்டு: அறைக்குப் பக்கத்திலேயே, தனியாக உட்கார்ந்து யோசிக்கவோ வீட்டுக்குப் போன் பேசவோ சின்னச் சின்னத் தடுப்பறைகளும் கொடுத்திருந்தார்கள். இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இப்போது கம்பெனிகளுக்கு வருகிறேன். எச்.ஆர். மெயில்களில் ‘கூட்டுழைப்பு’, ‘தற்செயல் சந்திப்பு’, ‘கலாச்சாரம்’ என்றெல்லாம் வருகிறது. அந்த மெயிலுக்கு அடிபணிந்து முதல் நாள் போனேன். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக ஒன்றேகால் மணி நேரம். எனக்கென்று மேசை கிடையாது, ஆப்பில் தினமும் பதிவு செய்ய வேண்டும். ஏழாவது மாடியில் ஒரு நாற்காலி கிடைத்தது. எனக்கு இடப்பக்கம் பேரோல் ஆள், வலப்பக்கம் யாரோ ஒரு வங்கி ப்ராஜெக்ட். என் டீமில் இரண்டு பேர் ஹைதராபாத், ஒருவர் பெங்களூர், ஒருவர் அதே கட்டடத்தில் நான்காவது மாடி, மீதிப் பேர் வேறு கிழமைகளில் வருகிறவர்கள். பத்து மணிக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டு டீம்ஸ் காலில் சேர்ந்தேன். வீட்டில் செய்வதையே, பேண்ட் போட்டுக்கொண்டு செய்தேன். சாயங்காலம் வெள்ளைப் பலகையில் எதையோ வரைந்துவிட்டு வந்தேன். மறுநாள் துடைத்திருந்தார்கள். ‘மேசையைக் காலியாக வையுங்கள்’ கொள்கையாம். கார்டு தேய்த்த கணக்கு மட்டும் பத்திரமாக இருக்கிறது; மாதக் கடைசியில் மேனேஜருக்கு அதுதான் ரிப்போர்ட்டாகப் போகிறது.

இதற்குப் பெயர் அறை அல்ல. இது பேருந்து நிலையம். அங்கேயும்தான் நிறையப் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீஃபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இரண்டு பெரிய நிறுவனங்கள் தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டுத் திறந்தவெளி அலுவலகமாக மாறியபோது, ஊழியர்கள் கழுத்தில் சென்சார் மாட்டி அளந்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது. மெயில் கூடியது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் மனிதன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தனக்கென ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறான். ஆக, பத்துப் பேருக்கு ஒரு கதவு வைத்த அறை ஒன்றைச் செய்கிறது. முந்நூறு பேருக்கு ஒரு மைதானம் அதற்கு நேர் எதிரானதைச் செய்கிறது. அறைக்கான ஆதாரத்தைக் காட்டி நம்மை மைதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சதுர அடிக்கு வாடகை மிச்சம் பிடித்ததைக் ‘கலாச்சாரம்’ என்கிறார்கள்.

கம்பெனியைத் திட்டினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அது சுலபம். நம்மைப் பற்றியும் பேச வேண்டுமே.

எமானுவேல், ஹாரிங்டன், பாலே என்ற மூன்று பொருளாதார அறிஞர்களின் 2023 ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் வளாகத்தில் சில தெருக்கள் தள்ளித் தள்ளி இரண்டு கட்டடங்கள். டீம் முழுக்க ஒரே கட்டடத்தில் இருந்த எஞ்சினியர்களுக்கு, டீம் பிரிந்து கிடந்தவர்களைவிட 22 சதவீதம் அதிகமாகக் கோட் ரிவியூ கருத்துகள் கிடைத்தன. கோவிட்டில் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. டீமில் ஒரே ஒருவர் தூரத்தில் இருந்தால்கூட, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தரும் கருத்தும் குறைந்தது என்கிறார்கள். ஏன் என்று நமக்குத் தெரியும். ஒருவருக்காக எல்லோரும் காலுக்குப் போகிறோம்.

அதே ஆய்வில் நம் ஆட்கள் சந்தோஷமாகக் காட்டும் பக்கமும் உண்டு: பக்கத்தில் உட்கார்ந்தால் எழுதும் கோட் குறைகிறது, முக்கியமாக சீனியர்களுக்கு. பார்த்தாயா, வீட்டில்தான் வேலை அதிகம் நடக்கிறது! ஆமாம், நடக்கிறது. எனக்கும் நடக்கிறது. யாரும் முனகுவது காதில் விழாததால் நடக்கிறது. நான் மிச்சம் பிடிக்கும் அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. போளூர்ப் பையனின் இரண்டரை நாளிலிருந்து வருகிறது. முப்பதைத் தாண்டிய நாமெல்லாம் யாரோ ஒருவரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொழில் கற்றவர்கள். கற்று முடித்ததும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்துவிட்டு, அதற்கு ‘வொர்க் லைஃப் பேலன்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதற்கு வரும் பதில்களில் ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியாது. குழந்தை பிறந்து வேலையை விடவிருந்த தோழி, வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றதால்தான் இன்னும் கோட் எழுதுகிறார். அவரிடம் போய் ஆஸ்மோசிஸ் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் நடந்து 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டதில் வேலைத்திறன் குறையவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதனால் ஐந்து நாளும் வா என்று நான் கேட்கவில்லை. இரண்டோ மூன்றோ நாள், எல்லோருக்கும் அதே நாள், அதே அறை. யார் வர முடியாதோ அவர் வரக்கூடிய நாளை வைத்தே அந்த நாளை முடிவு செய்யலாம். லினக்ஸைப் பார் என்பவர்களுக்கு: பார்த்தேன். 1991 முதல் உலகெங்கும் சிதறியிருந்தே எழுதுகிறார்கள், உண்மைதான். அவர்கள் ஒவ்வொரு முடிவையும் மெயிலில் பக்கம் பக்கமாக எழுதி வாதாடுகிறவர்கள். நாம் ஒரு வேர்ட் டாக்குமெண்ட்டில் கோட்டைத் திருத்தாதவர்கள்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. அந்த மூவரின் ஆய்வுப்படி, பக்கத்தில் உட்காரும்போது அதிகமாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் பெண்கள், அதிகமாகப் பெறுகிறவர்களும் பெண்கள். பெருங்குடி அறையில் எனக்கு யு.டி.சி. சொன்ன அக்கா அந்த வருடம் என்னைப் போல மூன்று பேரைத் தூக்கி நிறுத்தினார். அப்ரைசலில் அவருக்கு வந்தது சுமாரான ரேட்டிங். முடித்த டிக்கெட் குறைவு என்றார்கள். எனக்கு நல்ல ரேட்டிங். ட்ரீட் கேட்டார், கீழே பேக்கரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவர் நாற்காலியில் கழித்த எந்த நிமிடம் என் டிக்கெட்டாக மாறியது என்று எந்த மென்பொருளும் கணக்கு வைக்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லும் கம்பெனி முதலில் அந்த நிமிடத்துக்குச் சம்பளம் போடட்டும். கார்டு தேய்த்ததை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ண ஒரு வழி தெரியாமலா போகும்?

போன வாரம் டீமில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தார். ஆலங்குளத்திலிருந்து வந்து காரப்பாக்கத்தில் பி.ஜி.யில் இருக்கிறார். மேனேஜரிடம் பேசிப் பார்த்தேன். டீமுக்கென்று அறை ஒதுக்கப் பாலிசி இல்லை என்றார். புதன், வியாழன் இரண்டு நாள் சென்னையில் இருக்கும் நால்வரும் நான்காவது மாடிக்கு வருவதாக எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஆப்பில் அடுத்தடுத்து இரண்டு நாற்காலியை என் பெயரில் பதிவு செய்யப் பார்த்தால் விடவில்லை, ஒருவருக்கு ஒன்றுதானாம். அவருக்கு இன்னும் லாகின் வரவில்லை. அதனால் புதன்கிழமை ஆறே முக்காலுக்கே வீட்டைவிட்டுக் கிளம்பி, எட்டு மணிக்குப் போய், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போல பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்தேன். எட்டேகாலுக்கு ஒருவர் வந்து “இங்க ஆள் இருக்கா?” என்று கேட்டார். வருவாங்க என்றேன்.